பவர் பட்டனில் ஒட்டிய பிளாஸ்திரி

நான் ரிட்டயர் ஆகி ஐந்து மாதம் ஆகிறது. அலுவலகத்தில் மாலை போட்டு, கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி கொடுத்து, புகைப்படம் எடுத்து, நல்லபடியாகத்தான் அனுப்பிவைத்தார்கள். மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் எதிர் வீட்டுக்காரர் கையில் போனோடு நிற்கிறார். "தீதி, சார்ஜரை எண்பதில் பிடுங்கிடணுமா, நூறு வரைக்கும் விடலாமா?" நான் ரிட்டயர் ஆன செய்தி இன்னும் எங்கள் காளிகாட் சந்தில் எந்த பேட்டரிக்கும் எட்டவில்லை.

இப்போது வருகிற போன்கள் எண்பது ஆனதும் தானே சார்ஜை நிறுத்திக்கொள்கின்றன. பேட்டரியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று திரையில் ஒரு எண் காட்டிவிடுகின்றன. போன வாரம் எங்கள் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "மீனாட்சி தீதி, அந்தக் காலத்தில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? கொஞ்சம் எழுதுங்களேன்." அந்தக் காலமாம்! அவள் சொல்வது ஆறு வருஷத்துக்கு முந்தைய கதையை. சரி, கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். பாடம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். நான் செய்த ஒரு உபகாரத்தால் ஒரு மனிதர் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

என் அப்பாவுக்குக் கிடர்பூரில் துறைமுக வேலை. அம்பாசமுத்திரத்துக்காரர். நான் பிறந்தது இங்கே. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் வங்காளம், கோபம் வந்தால் இரண்டும். மேஜை டெலிபோன் ரிப்பேரில் தொடங்கி, பட்டன் போனுக்கு மாறி, கடைசியில் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வந்து உட்கார்ந்தேன். ஸ்மார்ட்போனுக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். முதல் வாரம் திருகாணி, இரண்டாம் வாரம் பசை, மூன்றாம் வாரம் பயம். பேட்டரியைக் குத்தினால், வளைத்தால், சூடாக்கினால் என்ன ஆகும் என்று வீடியோ போட்டுக் காட்டினார்கள். அதற்கப்புறம் ஒரு வாரம் என் போனையே நான் இடுக்கியால் தூக்கினேன்.

மற்றதெல்லாம் எங்கள் மேனேஜர் தரஃப்தார் சாரிடம் கற்றது. குள்ளமான மனிதர். தேய்த்த அரைக்கைச் சட்டை. யாரையும் அதட்ட மாட்டார், எதையும் நம்பவும் மாட்டார். போனை வாங்கியதும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். பேட்டரி கசிந்தால் நெயில் பாலிஷ் போல ஒரு தித்திப்பு வாடை வரும். பிறகு கண்ணாடி மேஜை மேல் போனை வைத்து ஒரு மூலையை விரலால் சுண்டுவார். நல்ல போன் கால் சுற்று நகர்ந்து நின்றுவிடும். வயிறு வீங்கிய போன் பம்பரமாகச் சுற்றும். சுற்றினால் சார் முகத்தில் சிரிப்பு போய்விடும்.

அப்புறம் மூன்று கேள்வி. எல்லாருக்கும் அதே மூன்று.

"ராத்திரி எங்கே படுக்கிறது?"

"என்ன உடுத்துகிறது?"

"யார் சாப்பாடு போடுகிறார்கள்?"

அதாவது, எங்கே வைத்து சார்ஜ் செய்கிறீர்கள், என்ன கவர் போட்டிருக்கிறீர்கள், யாருடைய சார்ஜர். வாடிக்கையாளர்கள் பொய்தான் சொல்வார்கள். "தலையணைக்கு அடியிலா? சேச்சே!" சார் மறுத்துப் பேச மாட்டார். டீ வரவழைப்பார். போனின் கவரைக் கழற்றி, அதிலிருந்து தலையணைப் பஞ்சில் ஒரு நூலை எடுத்து, டீ கிளாஸ் பக்கத்தில் வைப்பார். அவ்வளவுதான். டீ முடிவதற்குள் உண்மை வந்துவிடும்.

அந்த மேஜைக்கு வந்தவர்கள் ஒருவரா இருவரா? சார்ஜ் ஆகும்போது சூடாகிறதே என்று போனை ஃபிரிட்ஜில், தயிருக்கும் இனிப்புக்கும் நடுவில் வைத்து சார்ஜ் செய்த அம்மாள். ஒயர் நுழைய ஃபிரிட்ஜ் கதவை அரை அங்குலம் திறந்தே வைத்திருந்தாராம், கெட்டுப்போனது தயிர்தான் என்று வருத்தப்பட்டார். சனிக்கிழமைதோறும் போனுக்கு உபவாசம் என்று சொல்லி, பேட்டரி பூஜ்யமாகி அணையும்வரை விட்டு, ஞாயிறு காலை குளித்துவிட்டு சார்ஜ் போட்ட ஒருவர். நம் ஊர்க்காரர் ஒருவரும் உண்டு, மத்திய அரசு அதிகாரி. எண்பதில் பிடுங்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு அலாரம் வைத்துக்கொண்டு தூக்கத்தில் எழுந்து எழுந்து பிடுங்கியவர். அவருடைய பேட்டரி பிரமாதமாக இருந்தது. அவர் கண்ணுக்குக் கீழேதான் இரண்டு கறுப்பு வளையம்.

என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் உபதேசம் செய்த நான் என் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் சார்ஜ் செய்தேன். பன்னிரண்டு வருஷம். சாருக்குத் தெரியும். ஒருநாள் என் கவரிலிருந்தும் ஒரு பஞ்சு நூலை எடுத்து என் டிபன் பாக்ஸ் மேல் வைத்துவிட்டுப் போனார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஜூலை மாதம், நல்ல மழை. குடையை மடக்கிக்கொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். கையில் போன் இல்லை. மாலா பௌதி என்று பிறகு பெயர் தெரிந்தது. பௌதி என்றால் அண்ணி, இங்கே அறுபது தாண்டிய பெண்கள் பலரும் யாருக்காவது பௌதிதான்.

"எனக்கு போன் ரிப்பேர் இல்லை," என்றார். "என் புருஷன்தான் ரிப்பேர்."

சார் டீ வரவழைத்தார்.

"இருபத்திநாலு மணி நேரமும் போன் சார்ஜில் இருக்கிறது. பாத்ரூமுக்குப் போனாலும் எடுத்துக்கொண்டு போகிறார். மீன் வாங்கப் போனால் சட்டைப் பையில் போன், பைஜாமா பையில் பவர் பேங்க், நடுவில் ஒயர். ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து வந்தவர் மாதிரி இருக்கிறது, தெருவே சிரிக்கிறது. நான் கிட்டே போனால் போனை மார்போடு அணைத்துக்கொள்கிறார். நான் என்ன முட்டாளா? யாரோ ஒருத்தி இருக்கிறாள்."

"அவருக்கு என்ன வயசு பௌதி?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"எழுபத்திரண்டு. அதனால் என்ன?"

சார் அமைதியாகச் சொன்னார்: "போனின் சொந்தக்காரர் கொண்டுவந்தால் பார்ப்போம். என்ன பார்த்தோம் என்று அவரிடம் மட்டும்தான் சொல்வோம். உங்கள் போனைக் கொண்டுவந்தாலும் அப்படித்தான்." பௌதி டீயைக் குடித்துவிட்டு, எங்கள் சாரும் புருஷன் கட்சிதான் என்பது போல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் அவரே வந்தார், நிகில் பாபு. ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் அதிகாரி. நெடுநெடுவென்று உயரம், வெள்ளை வெளேரென்ற பஞ்சாபி ஜிப்பா. பௌதி சொன்னபடியே பையிலிருந்து பைக்கு ஒயர். அவரைப் பார்த்ததும் எனக்கு எங்கேயோ பார்த்த நினைப்பு. அவருக்குப் பின்னால், பத்தடி விட்டு, அதே குடையும் வந்தது. பௌதி வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாக எங்களைக் கண்கொட்டாமல் பார்த்தார். பாபுவுக்கு அது தெரியாது.

"பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது," என்றார். "அழுத்தி ஒட்டிக்கொடுங்கள் போதும். ஆனால் ஒயரைக் கழற்றக்கூடாது."

சார் புறங்கையை வைத்தார். எடுத்தார். முகர்ந்தார். சுண்டவேயில்லை. அவசியம் இருக்கவில்லை, மூடி ஒரு பக்கம் பூரி மாதிரி உப்பி, இடுக்கில் உள்ளே இருப்பது தெரிந்தது.

"ராத்திரி எங்கே படுக்கிறது?"

"அது தூங்குவதில்லை," என்றார் நிகில் பாபு.

பக்கத்து பெஞ்சில் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த சுபீர் வீங்கிய போனைப் பார்த்ததும் சட்டென்று கை நீட்டி ஒயரைப் பிடித்தான். பாபு போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "தொடாதே! தொட்டால் நான் செத்தேன்!"

அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். போனின் பக்கவாட்டில், பவர் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில், காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே தீப்பெட்டி அட்டையில் ஒரு துண்டு. தவறியும் யாரும் பட்டனை அழுத்திவிடக் கூடாது என்று கட்டிய கோட்டை. அணையக் கூடாது, சார்ஜிலிருந்து எடுக்கக் கூடாது. திரையோ எரிந்துகொண்டே இருக்கிறது. மெல்லக் குனிந்து கேட்டேன்:

"பாபு, லாக் நம்பர் மறந்துபோச்சா?"

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருடிய சிறுவன் முகம். "மெதுவாகப் பேசு," என்றார்.

விஷயம் இதுதான். அந்தப் போனில் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் சார்ஜில் இருக்கும்வரை திரை அணையாது, அணையாததால் பூட்டிக்கொள்ளவும் செய்யாது. பூட்டாத போனுக்கு எண் எதற்கு? போனைச் சார்ஜிலேயே வைத்து, மாதக்கணக்கில் போடாமல் இருந்து இருந்து எண்ணை மறந்துவிட்டார். விரல் ரேகை வைத்துத் திறக்கலாமே என்றால், ரேகை கொடுப்பது போலீஸ் ஸ்டேஷனில்தான் என்று ஆரம்பத்திலேயே மறுத்தவர். எண்ணை மாற்றலாம் என்றால் பழைய எண்ணைப் போன் கேட்கும். ஆக ஒயர் போனால் அரை நிமிஷத்தில் திரை அணையும், பூட்டும், பிறகு உள்ளே இருப்பதெல்லாம் உள்ளேயே. சுவர் சார்ஜரிலிருந்து பவர் பேங்குக்கு மாற்ற அவருக்கு அந்த அரை நிமிஷம்தான். எட்டு மாதமாக அந்த வித்தையைச் செய்துகொண்டிருந்தார்.

"உள்ளே அப்படி என்ன பாபு இருக்கிறது?"

வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். துப்பறியும் நாவல். இருபத்தேழு அத்தியாயம். வலது கை நடுங்கும் என்பதால் இடது கட்டைவிரலால் இரண்டு வருஷமாகத் தட்டியது. அவர்கள் பாடாவில், அதாவது தெருக்குழுவில், துர்கா பூஜைக்கு ஒரு சிறப்பு மலர் போடுவார்கள், அதற்கு. மனைவிக்குக்கூடத் தெரியாது. அவருடைய துப்பறிவாளர் எந்தப் பெட்டகத்தின் எண்ணையும் மூன்று நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாராம். எனக்கு வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டேன்.

"சார்ஜில் திரை அணையாத வசதி சாதாரணமாகக் கண்ணில் படாதே," என்றார் சார். "யார் போட்டுக் கொடுத்தது?"

கம்ப்யூட்டரில் பழைய ஜாப் கார்டைத் தேடி எடுத்தார். போன வருஷம் இதே நிகில் பாபு வந்திருக்கிறார். புகார்: 'யோசிக்கும்போது திரை அணைந்துவிடுகிறது.' தீர்வு: 'சார்ஜில் திரை அணையாதபடி அமைத்துத் தரப்பட்டது. வாடிக்கையாளர் மகிழ்ச்சி.' கீழே கையெழுத்துக்குப் பதில் என் பெயரின் முதல் எழுத்து.

சார் என்னைப் பார்த்தார். டீ வரவழைக்கவில்லை.

வீங்கிய பேட்டரியை ஒரு நிமிஷம்கூட சார்ஜில் வைக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். ஒயரை எடுத்தால் பாபுவின் நாவல் போய்விடும். நான் சொன்னேன்: "சார், ஒயரை எடுத்தாலும் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அணையாது. தொட்டபடியே எல்லாவற்றையும் வெளியே அனுப்பிவிடலாம்." சார் யோசித்தார். "இந்த நிலைமையில் இருக்கிற பேட்டரி நூறு காட்டும், ஐந்து நிமிஷத்தில் சாகும்." "ஐந்து நிமிஷம் இருக்கிறதே சார்."

மணல் பரப்பிய இரும்புத் தட்டில் போனை வைத்து, மேஜை விசிறியைத் திருப்பி, வரிசையில் நின்றவர்களைப் பின்னால் போகச் சொன்னார் சார். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன். பிறகு சார் ஒயரை எடுத்தார். நூறு காட்டிய போன், நான் மூச்சு விடுவதற்குள் எண்பத்தொன்று காட்டியது.

"யாருக்கு அனுப்ப?" என்றேன். வாடிக்கையாளரின் எதையும் எங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ வாங்கக்கூடாது. பாபு யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்தால் திரை அணைகிற அளவுக்கு யோசிப்பார் என்பது ஜாப் கார்டிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பைத் திறந்தேன். மேலே முதல் பெயர் 'மாலா'.

"ஐயோ, அவளுக்கா? வேண்டாம், வேண்டாம்!"

"பாபு, அறுபத்தாறு."

"அனுப்பு," என்றார்.

ஒவ்வொரு அத்தியாயமும் தனிக் குறிப்பு. திற, பகிர், மாலா, அனுப்பு, பின்னால் வா. ஒரு விரலால் அனுப்பினேன், அடுத்தது திறக்கும்வரை இன்னொரு விரலால் திரையைச் சும்மா தடவிக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே 'டிங்' என்றது. பாபு திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்து, மனைவி அங்கேயே உட்கார்ந்திருப்பதைக் கண்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி 'டிங்'. பௌதி கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சாட்சியம் தானாகத் தேடி வருகிறது என்று நினைத்திருப்பார்.

பன்னிரண்டாம் அத்தியாயம் போகும்போது நாற்பத்தொன்று. சுபீர் சதவீதத்தைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். பதினெட்டாம் அத்தியாயம் போகும்போது இருபத்தெட்டு. சார் மணல் வாளியைக் காலால் அருகில் இழுத்து வைத்துக்கொண்டார். இருபத்திநாலாவது போயிற்று. "பதினொன்று!" என்றான் சுபீர். இருபத்தைந்தைத் திறந்தேன். பகிர் என்பதைத் தொட்டேன். திரை கறுத்துவிட்டது.

பதினொன்றிலிருந்து ஒரேயடியாகப் பூஜ்யம்.

"கடைசி மூன்று," என்றார் நிகில் பாபு. பிறகு, யாரிடம் என்றில்லாமல்: "என் அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஒரு டெலிபோன் நம்பர். அப்புறம் வீட்டு நம்பர். கடைசியில் என்னை யாரென்று கேட்டான். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை."

எனக்கு இருமல் வரவில்லை இந்தத் தடவை. அவர் எட்டு மாதம் ஒயரோடு திரிந்தது நாவலுக்காக மட்டுமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

கதவு திறந்தது. பௌதி போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி நின்றார்.

"கொலை செய்தது அந்த ஹோமியோபதி டாக்டர்தானே?"

பாபு மெல்லத் தலையைத் தூக்கினார். "எத்தனாவது அத்தியாயத்தில் இருக்கிறாய்?"

"நாலு."

"நாலிலேயே தெரிந்துவிட்டதா?"

"அந்த ஆள் தினமும் கொட்டுகிற மழையில் குடை இல்லாமல் வருகிறான், நனையாமல் வருகிறான். பக்கத்து வீட்டிலேயே ஒளிந்திருக்கிறான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்."

சார் தொண்டையைச் செருமினார். "அப்படியானால் கடைசி மூன்று அத்தியாயம் போனது ஒருவகையில்…"

"நல்லதுதான்," என்று நான் முடித்துவைத்தேன். என் பங்கு உபகாரத்தை அப்படியாவது குறைத்துக்கொள்ளலாமே.

நம்பர் மறந்த கதையைப் பாபு தானே சொன்னார், அண்ணன் பேச்சையும் சேர்த்து. பௌதி கேட்டுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம். ஒரு வருஷமாவது என் பிறந்தநாள் ஞாபகம் இருந்திருக்கிறதா? அப்போதெல்லாம் அது வியாதி இல்லையா?" பாபு சிரித்துவிட்டார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். "அப்போ ஒருத்தியும் இல்லையா?" என்று பௌதி கடைசியாக ஒருமுறை கேட்டார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாக எனக்குப் பட்டது.

பேட்டரியை நான்தான் எடுத்தேன். சூடுபடுத்தும் தட்டைத் தொடவில்லை, மூடி ஏற்கெனவே பாதி கழன்றிருந்தது. பசைக்கு நாலு சொட்டு ஸ்பிரிட் விட்டுக் காத்திருந்து, பிளாஸ்டிக் அட்டையால் மட்டும், நெம்பாமல், வளைக்காமல், இழை இழையாக விடுவித்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. அது வெளியே வந்ததும் சார் இரண்டு கையாலும் வாங்கி, தானே மணலில் புதைத்து, வாளியை வெளி வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். புது பேட்டரி போட்டு, போனை முழுக்க அழித்துத் திறந்து, புது லாக் நம்பர் வைத்தோம். அதைப் பௌதி தன் கைப்பை டைரியில் எழுதிக்கொண்டார். ஜாப் கார்டில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி' என்று எழுதப் போனேன். சார் என் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார்.

பூஜைக்கு முந்தின வாரம் பாபுவும் பௌதியும் மலரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசி மூன்று அத்தியாயத்தைப் புதிதாக எழுதி, நடுவில் ஒன்றைச் சேர்த்திருந்தாராம். "இந்தத் தடவை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை," என்றார் பௌதி, பெருமையாக. எனக்கு வங்காளப் பேச்சு தண்ணீர்பட்ட பாடு, வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான். நாலு நாள் ஆயிற்று முடிக்க. ஹோமியோபதி டாக்டர் நிரபராதி. கொலைகாரி, பாலிகஞ்சில் ஒரு போன் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் தென்னிந்தியப் பெண். சிரித்த முகம், உபகாரம் செய்கிற குணம். வாடிக்கையாளர்கள் கேட்காத வசதிகளையெல்லாம் போனில் போட்டுக்கொடுத்து, ஆறு பேரை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறாள். கடைசியில் பிடிபட்டு, ஆயுள் தண்டனை.

அடுத்த முறை பாபு வந்தபோது கேட்டேன். "ஆறு கொலை செய்திருக்கிறேன் பாபு. நியாயமாகத் தூக்கில் அல்லவா போட்டிருக்க வேண்டும்?"

"போடலாம் என்றுதான் முதலில் எழுதினேன்," என்றார் நிகில் பாபு, போனை என் பக்கம் நகர்த்தியபடி. "அப்புறம் இதை யார் பார்ப்பார்கள்? ரெண்டு நாளாக எண்பதுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது, கொஞ்சம் பார்."